டீச்சரின் பழைய லேப்டாப்பும் 214 பாமினிக் கோப்புகளும்

2025 அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தன் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கே அவர் டீச்சர்தான். தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். "தம்பி, இனிமே இதுக்குப் பாதுகாப்பு கிடையாதுன்னு அதுவே எழுதிக் காட்டுது. கடையில கேட்டா புதுசு வாங்கச் சொல்றாங்க. எனக்குப் புதுசு வேண்டாம். உள்ள இருக்கிறது போகாம இருந்தா போதும்" என்றார்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு அந்த மாதம் 14ஆம் தேதியோடு நின்றிருந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். இவருடையது 2013இல் வாங்கியது: மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். திரை பளிச்சென்று இருந்தது, கீபோர்டில் ஒரு விசைகூடத் தேயவில்லை. இப்படி ஒரு இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் என்ற இலவச லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றேன். டெபியன் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. "அம்மாவோட சமையல் குறிப்பு இருக்கு, ஜாக்கிரதை" என்று மட்டும் சொன்னார். அவர் அம்மா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் வாழ்ந்தவர். அவர் வாயால் சொல்லச் சொல்ல இவர் அடித்து வைத்த குறிப்புகள் அவை. அவற்றோடு பள்ளி ஆண்டுவிழாவுக்கு எழுதிய நாடகங்கள், பாட்டுகள், கட்டுரைகள். எண்ணிப் பார்த்தபோது 214 கோப்புகள்.

முதலில் டெபியன் லைவை, அதாவது நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் டெபியனைத் தொடங்கி, டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகள், 24 என்று வந்தது. இந்த எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் வேறு எதையும் தொடக் கூடாது, பிரதி எடுப்பதுதான் முதல் வேலை. சாதாரணமாக இழுத்துப் போட்டுக் காப்பி எடுத்தால் கெட்ட இடத்தில் டிஸ்க் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப முட்டும், அதிலேயே அதன் மிச்ச ஆயுளும் போய்விடலாம். இதற்கென்றே இருக்கும் நிரல் டிடிரெஸ்க்யூ. நல்ல இடங்களை எல்லாம் முதல் சுற்றில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே விட்டோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டெபியனில் அந்தத் தொகுப்பின் பெயருக்கு முன்னால் ஒரு ஜி சேர்ந்திருக்கும். அது தெரியாமல் தேடினால் கிடைக்காது.

தொகுப்பை நிறுவப் போனால், டெபியன் தளம் கையெழுத்திட்டுத் தரும் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுத்தது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துப் பத்து நிமிடம் வீணாக்கினேன். கடிகாரம் 2013 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல் தீர்ந்துபோயிருந்தது. 2013இல் இருப்பதாக நம்பும் கணினிக்கு, 2025இல் கையெழுத்திட்ட கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்ததுதானே. தேதியைக் கையால் மாற்றியதும் வேலை நடந்தது. உங்களிடம் பழைய லேப்டாப்பில் எந்தத் தளமும் பாதுகாப்பாகத் திறக்காமல் அடம்பிடித்தால் முதலில் தேதியைப் பாருங்கள்.

முதல் சுற்று இரண்டரை மணி நேரம், மீதி இரவு முழுக்க. காலையில் பார்த்தபோது 36 கேபி மட்டும் எடுக்க முடியாமல் நின்றிருந்தது. 214 கோப்புகளும் முழுதாக வந்திருந்தன. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

இந்த இடத்தில் எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லினக்ஸ் பயன்படுத்தும் தமிழர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கும் அரட்டைக் குழு. கோவை, மதுரை, யாழ்ப்பாணம், துபாய் என்று பல ஊர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தவர்கள் குறைவு. அன்று இரவு டிடிரெஸ்க்யூ ஓடும்போது நான் விழித்திருந்தேன். கூடவே நாலைந்து பேர் விழித்திருந்தார்கள். பேச்சு செக்டாரில் தொடங்கி, பெங்களூர்க் குளிரில் தோசை மாவு புளிக்கிறதா என்பதில் போய் நின்றது. ராத்திரி முழுக்க ஓடப்போகிற லேப்டாப்பின் காற்றுத் துளைக்குப் பக்கத்தில் மாவுப் பாத்திரத்தை வைக்கச் சொன்னார் துபாய் நண்பர். வைத்தேன், காலையில் மாவு பொங்கி இருந்தது.

செவ்வாய்க்கிழமை, கணினிப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோடு. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று, பட்டன் செல் ஒன்று, பழைய 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கினேன். ரேம் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒரு எழுத்து. உள்ளே இருந்த ரேமின் ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருந்தது. அந்த எல் இருந்தால் 1.35 வோல்ட், இல்லாவிட்டால் 1.5 வோல்ட். எல் கேட்கும் சில லேப்டாப்களில் எல் இல்லாததைப் போட்டால் திரையே வராது. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றார். எனக்கு எல் போட்டதே வேண்டும் என்று நின்று, மூன்றாவது கடையில் வாங்கினேன்.

மாட்டுவது அரை மணி நேர வேலை. பேட்டரியை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

டெபியன் 13, அதாவது 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டிரிக்ஸி. மேசைச்சூழலாக எக்ஸ்.எஃப்.சி.இ. முன்பெல்லாம் டெபியன் நிறுவும்போது வைஃபைக்கான ஃபர்ம்வேரை, அதாவது அந்தக் கருவியை இயக்கும் உள்நிரலை, தனியாகத் தேடி இன்னொரு பென் டிரைவில் போட்டு வைக்க வேண்டும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவும் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது. அந்த மாற்றத்துக்காக வாக்களித்த டெபியன்காரர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். வைஃபை முதல் முயற்சியிலேயே வந்தது. நிறுவி முடித்து, பென் டிரைவைப் பிடுங்கி, மறுதொடக்கம் செய்தேன். கறுப்புத் திரை. பூட் செய்ய எதுவும் இல்லை என்று ஒரு வரி.

"டீச்சர் லேப்டாப் பூட் ஆகலை, யாராவது உதவுங்க" என்று குழுவில் போட்டேன். இரண்டு மணி நேரம் ஆறுதல் மட்டுமே வந்தது. பட்டன் செல்தான் காரணமோ என்று புதுச் செல்லைக் கழற்றி மறுபடி மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் நிதானமாக உட்கார்ந்து இன்னொரு செய்தி எழுதினேன். நிறுவியது யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய பூட் முறையிலா பழைய முறையிலா, டிஸ்க்கில் என்னென்ன பிரிவுகள், லைவ் பென் டிரைவிலிருந்து பார்த்தபோது பூட் பட்டியலில் என்ன இருந்தது, மறுதொடக்கத்துக்குப் பிறகு என்ன இருந்தது, நான் எதையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு போட்டோ. பத்து நிமிடத்தில் கோவை அண்ணன் வந்தார். முதல் கேள்வி "அல்சூர்ல மழை நின்னுதா?" இரண்டாவது, "நிறுவினதும் பட்டியல்ல டெபியன்னு ஒரு வரி இருக்கு, ரீஸ்டார்ட் பண்ணினதும் காணோம். சரியா?"

சரிதான். அதை நான் இரண்டு போட்டோவிலும் வைத்திருந்தும் கவனிக்கவில்லை.

அவர் விளக்கியது இது. யு.இ.எஃப்.ஐ. கணினியில், எந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பட்டியல் மதர்போர்டில் உள்ள நினைவகத்தில் இருக்கும். டெபியன் தன் பெயரை அதில் ஒழுங்காக எழுதிவைக்கிறது. ஆனால் சில பழைய மதர்போர்டு ஃபர்ம்வேர்கள் விண்டோஸ் பெயரைத் தவிர வேறு எதையும் மதிப்பதில்லை, அடுத்த முறை அழித்தேவிடும். அப்படிப்பட்டவையும் ஒரு வழியை மட்டும் மறக்காது. பென் டிரைவ் போன்ற கழற்றி மாட்டும் கருவிகளுக்கென்று விதியில் சொல்லப்பட்ட பொதுவான இடம்: இ.எஃப்.ஐ. அடைவுக்குள் பூட் அடைவு, அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. டெபியனைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் ஒரு பிரதியை அங்கேயும் வைத்துவிட்டால் வேறு வழியில்லாமல் அதைத் தொடங்கும்.

செய்வதும் எளிது. நிறுவும் பென் டிரைவில் ஏற்றி, மேம்பட்ட தேர்வுகளுக்குள் மீட்பு முறையைத் தேர்ந்தெடுத்தேன். டெபியன் இருக்கும் பிரிவைக் காட்டியதும் ஒரு பட்டியல் வந்தது. கிரப்பைக் கழற்றி மாட்டும் கருவிகளுக்கான பாதையில் கட்டாயமாக நிறுவு என்ற பொருளில் அதில் ஒரு வரியே இருக்கிறது. நம்மைப் போல் எத்தனை பேர் மாட்டியிருந்தால் நிறுவும் நிரலிலேயே அதைச் சேர்த்திருப்பார்கள்! அதைத் தட்டி மறுதொடக்கம் செய்ததும் டெபியனின் நீலத் திரை வந்தது. கோவை அண்ணன் அத்தோடு விடவில்லை. "அடுத்த தடவை கிரப் அப்டேட் ஆகும்போது பழைய பிரதியே அங்க நிக்கும். டிபிகேஜி ரீகான்ஃபிகர் கட்டளையில கிரப் இ.எஃப்.ஐ. தொகுப்பைக் கொடு. இதே கேள்வியைக் கேட்கும். ஆமாம்னு சொல்லிடு, எப்பவும் ஞாபகம் வச்சுக்கும்" என்றார். செய்தேன்.

டீச்சரின் கோப்புகளை லிபர் ஆஃபிஸில் திறந்தபோதுதான் உண்மையான வேலை காத்திருப்பது தெரிந்தது. திரை நிறைய ஆங்கில எழுத்துகள். தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவர் அடித்தது எல்லாம் பாமினி. கணினியைப் பொறுத்தவரை அவை ஆங்கில எழுத்துகள்தான். ஜே என்ற எழுத்தின் இடத்தில் த வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு அது. எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் எழுத்துக் குப்பை. பாமினி எழுத்துருவை மட்டும் நிறுவிக் கொடுத்திருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். ஆனால் தேட முடியாது, போனில் அனுப்பினால் யாராலும் படிக்க முடியாது, இன்னும் இருபது வருடத்தில் அந்த எழுத்துருவே கிடைக்குமா என்ற உறுதியும் கிடையாது. தங்கவயல் அம்மாவின் கொள்ளு ரசம் அப்படித் தொலைவதை நான் விரும்பவில்லை. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

குழுவில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் உண்டு. பாமினி அவருக்குப் பால்குடி மொழி மாதிரி. "ஓம், எங்களுக்கு இது நல்லாப் பழகினது. இலங்கை எண்டு எழுதவே காற்புள்ளி விசையிலதான் தொடங்க வேணும்" என்றார். பாமினியில் காற்புள்ளி இருக்கும் இடத்தில் இ இருக்கிறது. அவர் தன் கையிலிருந்த விசை அட்டவணையை அனுப்பினார். வெறும் உரைக் கோப்பாக இருந்தால் ஓபன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இருக்கும் மாற்றியே போதும். எனக்கோ தலைப்பு, தடித்த எழுத்து, அட்டவணை எல்லாம் அப்படியே வேண்டும், நடுநடுவே உண்மையான ஆங்கிலமும் இருந்தது. அதனால் கோப்புகளை முதலில் லிபர் ஆஃபிஸின் திரையில்லா முறையில் டாக்எக்ஸ் வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பைத்தானில் ஒரே எழுத்துருவும் அளவும் உள்ள ஒவ்வொரு துண்டாக எடுத்து, எழுத்துரு பாமினி என்றால் மட்டும் மாற்றும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன். லிபர் ஆஃபிஸ் வேறொரு சாளரத்தில் திறந்திருந்தால் அந்தத் திரையில்லா மாற்றம் நடக்காமல் போகலாம். மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் ஓட்டத்தில் பாதி கோப்புகளில் கொம்பு தனியாக நின்றது. காரணம் பாமினியின் வரிசை. அதில் கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். யூனிகோடில் எழுத்துதான் முதலில், கொம்பு பிறகு. கொ என்றால் பாமினியில் மூன்று விசை: கொம்பு, க, கால். அதைப் பெயர்த்து வைக்க, நீளமான சேர்க்கைகளை முதலிலும் தனி எழுத்துகளைக் கடைசியிலும் மாற்ற வேண்டும். அதை நான் செய்திருந்தேன். ஆனால் டீச்சர் தலைப்பின் நடுவில் எங்கோ அளவை மாற்றியிருந்தால், கொம்பு ஒரு துண்டிலும் எழுத்து அடுத்த துண்டிலும் கிடந்தன. அடுத்தடுத்த பாமினித் துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு மாற்றியதும் சரியானது.

அடுத்தது, எழுத்தின் அளவு. 18 புள்ளியில் இருந்த தலைப்பெல்லாம் 12க்குச் சுருங்கிவிட்டது. டாக்எக்ஸ் கோப்பில் ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஓர் அளவும், தமிழ் போன்ற சிக்கலான எழுத்துகளுக்கு வேறோர் அளவும் தனித்தனியாக இருக்கின்றன. பாமினி ஆங்கிலமாக நடித்ததால் எல்லா விவரமும் முதலாவதில் இருந்தது. உண்மையான தமிழானதும் லிபர் ஆஃபிஸ் இரண்டாவதைப் பார்க்கிறது, அங்கே ஒன்றுமில்லை. எழுத்துரு, அளவு, தடிப்பு மூன்றையும் இரண்டாவதற்கும் நகல் எடுக்கும் நாலு வரி சேர்த்தேன். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்க ஆனது.

சரி, முடிந்தது என்றே நினைத்தேன். டீச்சரும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அந்தச் சந்தோஷத்தில் குழுவில் பேசிக்கொண்டிருந்தபோது மதுரை நண்பர், "நாடகம்னு சொன்னீங்களே, ஒண்ணு அனுப்புங்க, கேட்கிறேன்" என்றார். கேட்கிறேன் என்றுதான் சொன்னார். அவருக்குப் பார்வை இல்லை. ஓர்கா திரைவாசிப்பானும் இஸ்பீக் என்ஜி குரலும் வைத்துத்தான் எல்லாம் செய்கிறார். டீச்சரிடம் அனுமதி வாங்கி ஒரு நாடகத்தை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "கதை ரொம்ப நல்லாருக்கு. கதாநாயகி பேர் என்ன, கெ-ள-ரியா?"

கௌரி. திரையில் நானும் டீச்சரும் பத்து முறை பார்த்த பெயர். பாமினியில் ஔகாரத்தை அடிக்க, கொம்பு போட்டு, எழுத்தைப் போட்டு, கூடவே ள போடுவார்கள். யூனிகோடில் ஔகாரக் குறி தனியான ஒன்று. என் அட்டவணையில் அது இல்லை. அதனால் கௌ இருக்க வேண்டிய இடமெல்லாம் கெ, ள என்று பிரிந்து நின்றது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். காதுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. இந்தப் பிழை அப்படியே இருந்திருந்தால் டீச்சர் கௌரி என்று தேடும்போது ஒரு நாடகமும் கிடைத்திருக்காது.

எல்லா இடத்திலும் ஔகாரமாக மாற்றிவிடவும் முடியாது. வெள்ளம், தெளிவு, வெளியே எல்லாம் உடைந்துவிடும். மதுரை நண்பரும் நானும் ஒரு மணி நேரம் சொற்களாகச் சொல்லிப் பார்த்தோம். மௌனம், பௌர்ணமி, சௌக்கியம், வௌவால், கௌதாரி. கடைசியில் வந்த விதி: கொம்பு வைத்த எழுத்துக்குப் பின் வரும் ள மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ள, வெறும் ள என்றால் அது ஔகாரம். நிரல் கண்டுபிடித்த 87 இடங்களையும் தானாக மாற்ற விடாமல் பட்டியலாக எடுத்து, டீச்சரிடம் அச்சடித்துக் கொடுத்தேன். சிவப்புப் பேனா எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரி போட்டுத் திருப்பித் தந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

கடைசி வேலை, தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகை சொல்லித் தரலாம் என்று எண்ணியிருந்தேன். தமிழில் தட்டச்ச உதவும் ஐபஸ் எம்17என் நிறுவி விசைப்பலகைப் பட்டியலைக் காட்டியபோது, டைப்ரைட்டர் என்ற பெயரைப் பார்த்ததும் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலைக்குச் சேருமுன் தங்கவயலில் தட்டச்சுப் பள்ளிக்குப் போனவர். இடது கை விரல்கள் தாமாக யளனகப என்று ஓடின. பாமினியும் அந்த வழியில் வந்ததுதான், நடுவரிசை அப்படியே. ஓரங்களில் சில விசைகள் மட்டும் இடம் மாறியிருந்தன. அவற்றை ஒரு சீட்டில் எழுதி லேப்டாப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

நவம்பர் நடுவில் ஒரு நாள் மதுரை நண்பர் குழுவில் எழுதினார்: டீச்சர் இரண்டாவது நாடகத்தை மின்னஞ்சலில் நேரடியாக அனுப்பிவிட்டாராம், கௌரி சரியாகக் கேட்கிறதாம், கொள்ளு ரசக் குறிப்பும் கூடவே வந்ததாம். கோவை அண்ணன் கொள்ளை எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று கேட்டார். டீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதிவிட்டுக் கீழே இறங்கினேன்.